ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சிவப்புப் புள்ளி

2023 ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்த கையோடு, ஹூஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில் வசிக்கும் என் அக்காவைப் பார்க்கச் சென்றிருந்தேன். அத்தான் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2020 இல் விமானங்கள் நின்றுபோயிருந்த நாட்களில் அவர் இறந்தார். எங்கள் பக்கத்திலிருந்து ஒருவராலும் போக முடியவில்லை. அந்தக் குறை மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்ததால், கடன் வாங்கியாவது போய்விட வேண்டும் என்று போனேன்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் இரவு. பகலும் இரவும் மாறிப்போன உடம்பு பின்னிரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டது. பால் எடுத்துக் காய்ச்சலாம் என்று அடுக்களைக்குப் போனேன். அக்காவின் தூக்கம் கெடக் கூடாதே என்று விளக்கைப் போடவில்லை. ஃப்ரிட்ஜின் கைப்பிடியைத் தேடிக் கையை நீட்டியபோது, அதன் வெள்ளைக் கதவில், என் தோளுக்கு ஒரு சாண் இடப்புறத்தில், குங்குமப் பொட்டளவு ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அந்தப் பெட்டியைச் சேர்ந்த ஏதோ விளக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது நகர்ந்தது. நகர்ந்தது என்பதைவிட நடுங்கியது என்று சொல்வதே சரி.

"அக்கா, நான்தான்" என்றேன். எப்படி அந்தச் சொற்கள் வாயில் வந்தன என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. புள்ளி அணைந்தது. சற்று நேரம் கழித்து விளக்கு எரிந்தது. கூடத்தின் வாயிலில் அக்கா நின்றிருந்தாள். அவள் கையில் இருந்த ரிவால்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லைட்டைப் போட்டுட்டு வரக் கூடாதாடா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அன்று காப்பியை நான்தான் போட்டேன்.

துப்பாக்கி வைத்திருப்பது நல்லதா, கெட்டதா என்ற பெரிய விவாதத்துக்குள் நான் இங்கே நுழையப் போவதில்லை. அந்த நாட்டவர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பேசியும் முடியாத வழக்கு அது. விடுமுறைக்குப் போன ஒரு தமிழ் விரிவுரையாளன் தீர்ப்புச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. என்னை அந்த இரவிலிருந்து விடாது பற்றிக்கொண்டது மிகச் சிறிய கேள்விதான்: அக்காவின் ரிவால்வரில் அந்தச் சிவப்புப் புள்ளி எதற்கு? இருநூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து அதைப் பொருத்திக்கொண்டது அவளுக்கு உதவியா, வீணா? தங்கியிருந்த ஐந்து வாரங்களில் பெரும்பகுதி, நாங்கள் இருவரும் ஏதோவொரு வகையில் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தோம்.

அந்த ரிவால்வர் அத்தானுடையது. 2013 இல் வாங்கியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் 642 என்னும் மாதிரி. அந்நிறுவனம் 1950 இல் அறிமுகப்படுத்திய சிறு உருவ வரிசையின் வழிவந்தது. அலுமினியக் கலவையில் செய்த சட்டம். இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த குழல். உருளையில் ஐந்தே தோட்டாக்கள். மொத்த எடை 15 அவுன்ஸ், நம் கணக்கில் 425 கிராம். ஒரு நடுத்தரத் தேங்காய் இதைவிடக் கனக்கும். பையிலிருந்து எடுக்கும்போது துணியில் சிக்கக் கூடாது என்பதற்காக, பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் குதிரையைச் சட்டத்துக்குள்ளேயே மறைத்துவைத்திருக்கிறார்கள். ஆகவே குதிரையை முன்கூட்டியே பின்னிழுத்து, விசையை இலகுவாக்கிக்கொள்ள வழியில்லை. ஒவ்வொரு முறையும் விசையை நெடுகக் கனமாக இழுத்துத்தான் சுட வேண்டும். அந்த இழுப்புக்கு ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ விசை தேவை. தன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான விசையை ஒற்றை விரலால் கொடுக்க, அதே வேளையில் துப்பாக்கி இம்மியும் அசையாமல் இருக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் ஒரு பேனாவை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் முனை அசையாதபடி மற்ற விரல்களால் பலங்கொண்ட மட்டும் இறுக்கிப் பார்க்கலாம். சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

அக்கா மருந்தாளுநர். தனியாருக்குச் சொந்தமான ஒரு சிறு மருந்துக்கடையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் இரவு ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு, வெறிச்சோடிய வாகன நிறுத்தத்தைக் கடந்து தன் காருக்கு நடக்க வேண்டும். வலிமாத்திரைகளுக்காக மருந்துக்கடைகளைக் குறிவைப்பவர்கள் அங்கே உண்டு. அத்தான் இருந்தவரை அவர் வந்து காத்திருப்பார். அவர் போனபின், பெட்டியில் கிடந்த ரிவால்வரை அக்கா எடுத்துக்கொண்டாள். 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில், சட்டத் தடை இல்லாத வயதுவந்தோர் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல உரிமம் தேவையில்லை. இருந்தும் அக்கா முறைப்படி வகுப்புக்குப் போய் உரிமம் வாங்கியிருந்தாள். எதையும் தேர்வெழுதித் தேறியே அடைய வேண்டும் என்ற எங்கள் வீட்டுப் புத்தி அவளை விடவில்லை. 3, 7, 15 கஜத் தொலைவுகளில் ஐம்பது குண்டுகள். 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அக்கா 231 எடுத்தாளாம். "அது வாடகைக்கு எடுத்த பெரிய துப்பாக்கி" என்று பிறகு மெல்லச் சொன்னாள். தேர்வுக்கு ஒன்று, பையில் இருப்பது வேறொன்று. (பாடத்திட்டத்துக்கு ஒரு நூலும் வகுப்புக்கு ஒரு கைடும் வைத்துப் பிழைக்கும் மாணவர்களை நினைத்துக்கொண்டேன்.)

சிவப்புப் புள்ளியைத் தரும் கருவி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் அன்று. ரிவால்வரின் பழைய கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதே வடிவில் கிரிம்சன் டிரேஸ் நிறுவனம் செய்யும் ரப்பர்க் கைப்பிடியைப் பொருத்தினால் போதும். வலப்பக்க மேல்மூலையில் லேசர் வெளிவரும் சிறு கண். உள்ளே, கைக்கணக்கிகளில் இருப்பது போன்ற இரண்டு வில்லை மின்கலங்கள். நடுவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். இறுகப் பிடித்தால் எரியும், பிடி தளர்ந்தால் அணையும். வேறு எதையும் தேட வேண்டியதில்லை. 1960 இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1984 இல் வெளிவந்த 'டெர்மினேட்டர்' படத்தில் வில்லனின் துப்பாக்கியில் லேசர் வைத்தபோது, அதற்கான மின்சாரத்துக்குச் சட்டைக்குள் கம்பியை ஒளித்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று அது ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. பொறியியலாக மட்டும் பார்த்தால் வியக்கத்தக்க பொருள்தான்.

அக்கா அதை ஏன் வாங்கினாள் என்று கேட்டேன். இரண்டு காரணங்கள் சொன்னாள். ஒன்று, ஐம்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு அந்தத் துப்பாக்கியின் குறிகாட்டி தெரியவே இல்லை. இரண்டாவதைச் சற்றுத் தயங்கிச் சொன்னாள்: "நெஞ்சுல செவப்பா ஒண்ணு ஒக்காந்தாலே ஓடிருவான்ல. சுடவே வேண்டாம்."

மறுவாரம் அவள் வழக்கமாகப் போகும் சுடுதளத்துக்கு உடன் போனேன். சுற்றுலா விசாவில் வந்தவன் துப்பாக்கியைக் கையில் எடுப்பது, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆகையால் காதுக் கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்க்க மட்டுமே செய்தேன். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. பயிற்சியாளர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார், காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்றவர். நரைத்த தலைமுடியும், வகுப்பில் நாற்பது ஆண்டுகள் நின்ற ஆசிரியைக்கே உரிய குரலும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்படியானால் திருத்துவது எவ்வளவு அலுப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியும்" என்றார்.

லேசரைப் பற்றி நான் கேட்டதும் அவர் நேரடியாக விடை சொல்லவில்லை. அக்காவின் கைப்பையைச் சுட்டிக்காட்டினார். கொள்ளையடிப்பவன் முதலில் பறிப்பது எதை? பையைத்தான். அதற்குள் துப்பாக்கியை வைத்துவிட்டு, அதில் லேசர் இருக்கிறதா இல்லையா என்று கவலைப்படுவதில் பொருளில்லை என்றார். அடுத்தது விசை. வீட்டில் நாள்தோறும் இழுத்துப் பழகாத விரல், மூன்று கஜத்திலும் குண்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். லேசர் மூன்றாவதாகப் பேச வேண்டியது. மூன்றாவதை முதலில் வாங்கிவிடுவதுதான் எல்லோரும் செய்வது, ஏனென்றால் அது ஒன்றுதான் கடையில் விற்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

ஆனால் அவர் லேசரை இகழவில்லை. அதன் நியாயத்தை அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தச் சிறு ரிவால்வரில் குறிகாட்டி என்று இருப்பது, மேல்தட்டில் வெட்டிய ஒரு பள்ளமும், குழலின் நுனியில் ஒரு சிறு மேடும். இரண்டும் உலோக நிறத்திலேயே இருக்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு அங்குலம். அவை ஒன்றோடொன்று ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ஏழு கஜத்தில் குண்டு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் விலகிப்போகும். பகல் வெளிச்சத்தில், நல்ல கண்ணுக்கே இது கடினம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. கையை நீட்டிய தொலைவில் உள்ள அந்த மேடு வெறுங்கண்ணுக்கு மங்கலாகிவிடும். படிக்கும் கண்ணாடி போட்டால் மேடு தெரியும், எதிரே நிற்பவன் மங்கலாவான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். துப்பாக்கிப் பயிற்சியில் காலங்காலமாகச் சொல்லித்தருவது, முன்மேட்டைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் மங்கட்டும் என்பது.

இதைக் கேட்டபோது எனக்குத் துரோணர் நினைவு வந்தது. மரத்தின் மேல் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். அருச்சுனன் பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்கிறான். மரமும் தெரியவில்லை, கிளையும் தெரியவில்லை. வில்லாளியின் கண் முழுதும் இலக்கிலேயே இருக்கிறது. துப்பாக்கி வந்தபின் கண் கருவிக்குத் திரும்பிவிட்டது. இலக்கு மங்கி, கருவியின் நுனி தெளிவானது. லேசர் அந்தக் கண்ணை மறுபடியும் இலக்குக்கே கொண்டுபோகிறது. குறி கருவியின் மேல் இல்லை, எதிரே உள்ள பொருளின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்கு எட்டத்தில் உள்ளது தெளிவாகத் தெரியும் என்பதால், முதியவர்களுக்கு இது பெரிய வசதி. அச்சம் வந்தால் மனிதக் கண் எதை அஞ்சுகிறதோ அதை விட்டு நகராது என்பதும் எல்லோரும் அறிந்ததே. அந்நேரத்தில் நான்கு அங்குல இடைவெளியில் பள்ளத்தையும் மேட்டையும் யார் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? தரையில் விழுந்துகிடக்கும்போதோ, ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதோ, துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே உயர்த்த முடியாமலும் போகலாம். அங்கெல்லாம் புள்ளி உதவும். இதை அம்மையார் மனமார ஒப்புக்கொண்டார்.

பிறகு எங்களை நகருக்கு வெளியே உள்ள ஒரு திறந்தவெளித் தளத்துக்கு வரச் சொன்னார். ஜூன் மாத ஹூஸ்டன் வெயில் நம்மூர்க் கத்தரிக்குச் சளைத்ததன்று. காற்றில் ஈரம் வேறு. நண்பகலில் அக்காவை நிறுத்தி, பத்தடித் தொலைவில் உள்ள அட்டையில் புள்ளி எங்கே என்று கேட்டார். அக்கா தேடினாள். நானும் தேடினேன். இருட்டில் குங்குமமாக எரிந்த அது, வெயிலில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. துப்பாக்கியை அங்குமிங்கும் அசைத்துப் புள்ளியைத் துழாவிக்கொண்டிருந்த அக்காவின் காதருகே அவர் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான்கு வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். அந்த மௌனமே விளக்கமாக இருந்தது. பச்சை நிற லேசர் பகலில் இதைவிட நன்றாகத் தெரியும். மனிதக் கண்ணின் கூருணர்வு பச்சையை ஒட்டித்தான் உச்சம் அடைகிறது. ஆனால் உச்சி வெயிலில் அதற்கும் எல்லை உண்டு.

அக்காவின் கருவியில் இன்னொன்றும் கண்டோம். சுடாத வேளையில் சுட்டுவிரலை விசையில் வைக்காமல் சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் முதல் பாடம். அப்படி நீட்டினால், அந்தக் கைப்பிடியில் லேசர்க் கண்ணை விரலே மறைத்துவிடுகிறது. புள்ளி தெரியவில்லையே என்று பதறி, விரலை உள்ளே கொண்டுபோனால் அது விசையின் மேல் போய் நிற்கும். சிறிய விஷயம்தான். ஆனால் எனக்கு அது மிகவும் கவலை தருவதாக இருந்தது. மின்கலம் தீர்வதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. ஆண்டுக்கொருமுறை பிறந்தநாளன்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அக்காவின் இரண்டாவது காரணத்துக்கு அம்மையார் இடமே கொடுக்கவில்லை. புள்ளியைக் கண்டு ஓடுபவன் துப்பாக்கியைக் கண்டே ஓடியிருப்பான். போதையிலோ வெறியிலோ இருப்பவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்க்கப் போவதில்லை. சுடுவதற்கான காரணம் இல்லாதபோது, அச்சுறுத்துவதற்காகத் துப்பாக்கியை எடுக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். அக்கா தலையாட்டினாள். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுப்பதுதான் அவளுக்கு மிகக் கடினமாக இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. சுட வேண்டியிராது என்று நம்பித்தான் அவளைப் போன்றவர்கள் இந்தப் பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

திரும்பி வரும் வழியில் காரில் நான் அந்த இரவைப் பற்றிப் பேசினேன். அதுவரை இருவரும் அதைத் தொடவில்லை.

"ஃப்ரிட்ஜ்கிட்ட நிக்கிறது நான்னு உனக்குத் தெரியலையா?"

"உருவம் தெரிஞ்சுது. யாருன்னு தெரியல. நீ வந்திருக்கிறதே தூக்கத்துல மறந்துபோச்சு" என்றாள். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "மூணு வருஷமா இந்த வீட்ல ராத்திரி வேற யாரும் நடந்ததில்லடா" என்றாள்.

லேசரின் பெரிய குறை இதுதான் என்று எனக்குப் பட்டது. குண்டு எங்கே போகும் என்பதை அது சொல்லும். அங்கே நிற்பது யார் என்பதைச் சொல்லாது. அது எதன்மேல் படுகிறதோ அதன் ஒரு பொட்டிடத்தை மட்டும் சிவக்கச் செய்கிறது, முகத்தைக் காட்டுவதில்லை. அதற்கு ஒரு சாதாரண டார்ச் விளக்கு வேண்டும். முப்பது டாலர் விளக்கு செய்யும் வேலையை இருநூறு டாலர் லேசர் செய்யாது. மறுநாளே ஒன்றை வாங்கி அவள் கட்டிலருகே வைத்தேன்.

ஆயினும் என் வாதத்தில் ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். லேசருக்கு எதிராகச் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று, அது பிடித்திருப்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது. அன்றிரவு அது செய்தது அதைத்தான். என் முதுகுக்குப் பின்னால் அக்கா நிற்பதை எனக்கு அறிவித்தது அந்தப் புள்ளிதான். அது இல்லாதிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அக்கா "யாரது" என்று குரல் கொடுத்திருப்பாள் என்றே நம்ப விரும்புகிறேன். அவளும் அப்படித்தான் சொல்கிறாள். நாங்கள் இருவரும் இதற்குமேல் இந்தப் பேச்சை நீட்டுவதில்லை.

இனி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அம்மையார் அக்காவுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உருளையை இருமுறை திறந்து பார்த்து, ஐந்து அறைகளிலும் போலித் தோட்டாக்களைப் போட வேண்டும். கூடத்தில் உள்ள செங்கல் கணப்பை நோக்கி நின்று, லேசரை எரியவிட்டு, புள்ளி அசையாதபடி விசையை மெல்ல இழுத்து முடிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து முறை. லேசரின் உண்மையான பயன் இங்கேதான் என்று அவர் சொல்லியிருந்தார். குறிகாட்டியை மட்டும் வைத்துப் பழகும்போது தவறு நமக்குத் தெரிவதில்லை. அசையாமல் இழுத்ததாக மனம் சொல்லிக்கொள்ளும். லேசர் பொய் சொல்ல விடாது. விசை முடியும் கணத்தில் புள்ளி எங்கே துள்ளுகிறது என்பதைச் சுவரே காட்டிவிடும். தொடக்கத்தில் எல்லோரும் புள்ளி இலக்கைக் கடக்கும் நொடியில் வெடுக்கென்று இழுப்பார்கள். அதை விட்டொழிக்க ஒரு மாதம் ஆகும் என்றும் சொல்லியிருந்தார்.

நான் அவள் பின்னால் சோபாவில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அது செங்கல்மேல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு இருவரும் சிரித்தோம். இரண்டாம் நாளும் ஆடியது. ஒரு வாரத்தில் விசையைக் கடைசிவரை ஒரே சீராக இழுக்க அவள் விரல் பழகிவிட்டது; இறுதியில் வரும் துள்ளல் நின்றுவிட்டது. ஆனால் விசையைத் தொடுவதற்கு முன்பே, வெறுமனே கையை நீட்டிப் பிடித்திருக்கும்போதே, புள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. பழக்கமின்மையால் வரும் தடுமாற்றம் அப்படி இராது.

அந்த ஒழுங்கை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவார். கையெழுத்துப் போடும்போது மணிக்கட்டை இடக்கையால் அழுத்திக்கொள்வார். கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவர் எதையும் குடிப்பதையே விட்டுவிட்டார்.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

அக்கா ரிவால்வரைக் கீழே வைத்துவிட்டு வலக்கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். "மாத்திரை எண்ணும்போது தெரியும். ரெண்டு வருஷம் இருக்கும். யார்கிட்டயும் சொல்லல" என்றாள். தன் கண்முன்னால், செங்கல் சுவரில், எவரும் படிக்கத்தக்க எழுத்தில் அது எழுதப்படும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மருத்துவரிடம் போக அவளைச் சம்மதிக்கவைக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. பார்க்கின்சன் நோயாக இருக்கும் என்ற அச்சத்திலேயே அவள் இரண்டு ஆண்டுகள் போகாமல் இருந்திருக்கிறாள். மருந்துகளை நடுவே வைத்துக்கொண்டு வாழ்கிறவள்! மருத்துவர் நீண்ட நேரம் சோதித்துவிட்டு அது பார்க்கின்சன் அன்று என்றார். கை ஓய்ந்திருக்கும்போது வராமல், நீட்டிப் பிடிக்கும்போதும் வேலை செய்யும்போதும் வருகிற நடுக்கம், குடும்பவழியாக வரக்கூடியது. புரோப்ரானலால் எழுதிக்கொடுத்தார். காப்பியைக் குறைக்கச் சொன்னார். அக்கா வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அப்பாவுக்கு யாரும் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கவில்லையே என்று இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கேள்விக்கு என் விடையைச் சொல்லலாம். இளங்கண்ணும் உறுதியான கையும் உள்ள ஒருவர், பகலில் எடுத்துச் செல்வதற்காகவே வாங்குவதானால், அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுவதே மேல். உதைப்பு மென்மையாக இருக்கும் பயிற்சித் தோட்டாக்களாக வாங்கினால் கையும் வெறுக்காது. வயதேறிய கண்ணுக்கு, வீட்டுக்குள், இருட்டில், பக்கத்தில் ஒரு டார்ச் விளக்கோடு சேர்த்து என்றால் லேசருக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் அதைப் பழகுவதற்கென்றே வாங்குகிறோம் என்று தெளிந்து வாங்க வேண்டும். ஆபத்து வேளையில் அது காப்பாற்றும் என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன். அக்காவின் கையைப் பற்றி அது சொன்ன உண்மையை அவளுடைய கண்ணும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, 231 மதிப்பெண்ணும் சொல்லவில்லை.

அம்மையாரிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. நடுக்கம் இருப்பவர்களும் மூன்று கஜத்தில் சுடக் கற்கலாம், புள்ளி ஆடினாலும் அது நெஞ்சளவுக்குள் ஆடினால் போதும் என்றார். ஆனால் நடந்துகொண்டே, பையைத் துழாவிக்கொண்டே, வாகன நிறுத்தத்தில் வேறு மனிதர்கள் இருக்கும்போது என்றால், அதை அக்காவேதான் தீர்மானிக்க வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். அக்கா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. பிறகு கடை உரிமையாளரிடம் பேசிப் பகல் முறைக்கு மாறிக்கொண்டாள். வாரத்துக்குச் சம்பளம் கொஞ்சம் குறைகிறது. ரிவால்வர் பையிலிருந்து கட்டிலருகே உள்ள பூட்டுப்பெட்டிக்குப் போயிற்று. பெட்டியின்மேல் டார்ச் விளக்கு. லேசர்க் கைப்பிடியைக் கழற்றிவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு மட்டும், "அது இருக்கட்டும்" என்றாள்.

ஊர் திரும்பியபின் ஞாயிறுதோறும் கணினியில் பேசிக்கொள்கிறோம். மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்டால் வாயால் விடை சொல்ல மாட்டாள். உருளையைத் திறந்து காட்டி, போலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டுவிட்டு, கேமராவைக் கணப்பின் பக்கம் திருப்புவாள். இரண்டு செங்கற்களுக்கு நடுவே பூசிய சாந்துக்கோட்டில் புள்ளியை நிறுத்த வேண்டும், அதுதான் கணக்கு. நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறேன். சென்ற ஞாயிறு பத்தில் ஏழுமுறை கோட்டுக்குள் நின்றது.

"ஏழு" என்றேன்.

"எட்டு. அஞ்சாவதை நீ சரியாப் பாக்கல" என்றாள்.